வகுப்பறையில் சாதியைப் பற்றிப் பேசுங்கள், ஆசிரியர்களே! உங்களோடு நாங்கள் நிற்கிறோம்

(ஆசிரியர் – பெற்றோர் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத தோழர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள்.)



ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இணையம் வழியாக இதைப் படிக்கப்போகும் தோழர்களே!

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். வீட்டுக்குப் போனதும் உங்க பிள்ளையோட பாடப்புத்தகம் ஒன்றை எடுத்து முன்பக்கத்தைப் புரட்டிப் பாருங்க. தீண்டாமை பாவம், அது பெரிய குற்றம், மனிதத்தன்மையே இல்லாத செயல் என்று அச்சடிச்சிருப்பாங்க. நம்மில் பலரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து வளர்ந்தவங்கதான். கேள்வி என்னன்னா, அந்தப் பக்கத்தை யாராவது நமக்குப் பாடமா நடத்தினாங்களா? தமிழ் ஐயா வாழ்த்துப் பாடலில் ஆரம்பிச்சார், கணக்கு சார் முதல் அத்தியாயத்தில் ஆரம்பிச்சார். நடுவில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லாரும் தாண்டிப் போயிட்டோம்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரலை. அதை எப்படி நடத்துறதுன்னு அவங்களுக்கு நாம சொல்லிக் கொடுத்ததில்லை. நடத்தினா யார் கூட நிப்பாங்கன்னும் சொன்னதில்லை. இன்னைக்கு அந்த ரெண்டையும் பேசத்தான் கூடியிருக்கோம்.

*நாங்குநேரி நமக்குச் சொன்னது*

2023 ஆகஸ்ட். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பட்டியல் சமூகத்து மாணவன். கூடப் படிக்கிறவங்களோட தொந்தரவு தாங்காம பள்ளிக்கே போகாம இருந்தான். பள்ளியில் விசாரிச்சபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு ராத்திரி நேரத்தில் வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க ஓடிவந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டினது கூலிப்படை இல்லை தோழர்களே, அதே பள்ளியில் படிச்ச பசங்க.

அந்த மாணவன் காயத்தோடு படிச்சு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். அவனை நாம கொண்டாடினோம். சரிதான். ஆனா அரிவாளைத் தூக்கிய கையும் சின்னப் பசங்க கைதான். அந்தக் கைக்கு அரிவாளைக் கொடுத்த பெருமை எங்கே இருந்து வந்தது? வீட்டில் கொஞ்சம், தெருவில் கொஞ்சம், செல்போனில் கொஞ்சம் வந்தது. இதெல்லாம் தப்புன்னு சொல்லித் தடுக்கிற ஒரே இடம் வகுப்பறை. அங்கே யாரும் வாயைத் திறக்கலை.

அதுக்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைச்சது. 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருந்து சாதிப் பெயரை நீக்கணும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறியோடு சாதி அடையாளம் காட்டக்கூடாது, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையே மாத்தணும் என்றெல்லாம் பரிந்துரை செஞ்சார்.

கயிறு விஷயத்தை மட்டும் பாருங்க. பள்ளிக்கல்வி இயக்குநரிடம் இருந்து 2019-லேயே அதுபற்றிச் சுற்றறிக்கை வந்தது. நாலு வருஷம் கழிச்சு நாங்குநேரி நடந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி உத்தரவு போடலாம். "எதுக்குடா தம்பி இதைக் கட்டியிருக்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆசிரியர்தான் வேணும்.

*இது இன்றைய பிரச்சினையா?*

அதே திருநெல்வேலி மாவட்டம். நூறு வருஷத்துக்கு முன்னாடி சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்விக்காக, காங்கிரஸ் நிதியோடு நடந்த பள்ளி. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனி என்ற செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கேள்வி கேட்டாங்க. தமிழ்நாட்டுக் காங்கிரசே அதில் ரெண்டு பட்டது. 1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு வகுப்புவாரி உரிமை முக்கியக் காரணம் என்றாலும், அதற்கு முன்னாடி மனசை உடைச்சது இந்தப் பந்தி விவகாரம்.

ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வரிசை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியிருக்கு. அதனால "சின்னப் பசங்க சண்டை, பெரிசு பண்ணாதீங்க" என்று யாராவது சொன்னா, சேரன்மாதேவியை நினைவுபடுத்துங்க.

பந்தி மாறியிருக்கு, நோய் முழுசாப் போகலை. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவினாசி வட்டாரத்தில் பட்டியல் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாதுன்னு பெற்றோரே பள்ளிக்கு வந்து தகராறு செஞ்சது நமக்கு நினைவிருக்கு. தட்டில் விழுகிற சோறு யார் சமைச்சதுன்னு பிள்ளை கேட்கலை. அம்மா அப்பா கேட்கச் சொல்லிக் கொடுக்குறாங்க.

*"பேசினா சாதி வளரும்" என்பவர்களுக்கு*

நிறைய நல்ல ஆசிரியர்களே சொல்ற வார்த்தை இது. "பசங்க வெள்ளை மனசு சார், நாமளே சாதியைச் சொல்லி ஏன் கெடுக்கணும்?"

ஐயா, அம்மா, உங்க வகுப்பைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. யார் யாரோட உட்கார்றாங்க? மதியம் யார் டிபன் பாக்ஸில் யார் கை போகுது? எந்தத் தெருப் பையன் எந்தத் தெரு வழியா சைக்கிளில் போகாம சுத்திக்கிட்டுப் போறான்? யாருக்கு "கருவாயன்", "காக்கா" என்று பட்டப்பெயர்? ஆண்டு விழா டான்ஸில் முன்வரிசைக்கு யாரைத் தேர்ந்தெடுக்குறோம்? திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் நம்ம பள்ளிகளில் படிக்கிற பீகார், ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுறாங்க?

வகுப்பு ஏற்கெனவே பேசிக்கிட்டுத்தான் இருக்கு. ஆசிரியர் மட்டும்தான் பேசலை. ஆசிரியர் பேசாம இருந்தா அடிபடுகிற பிள்ளை அதை எப்படி எடுத்துக்கும்? "சாருக்கும் இது சரின்னுதான் படுது" என்று எடுத்துக்கும். அடிக்கிற பிள்ளையும் அப்படித்தான் எடுத்துக்கும்.

*சரி, எப்படிப் பேசுறது?*

ஆசிரியர்களிடம் பேசித் தெரிஞ்சுக்கிட்டதை வச்சு ஏழு விஷயம் சொல்றேன். போனில் குறிச்சு வச்சுக்கோங்க.

1. யாரிடமும் சாதியைக் கேட்காதீங்க. இது முதல் விதி. "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு" என்ற ஒரே வரி, அந்தப் பிள்ளை வருஷம் பூரா மறைச்சு வச்சதை நாப்பது பேர் முன்னாடி உடைச்சுப் போட்டுடும். படிவத்தைத் தனியா கூப்பிட்டுக் கொடுங்க. இல்லைன்னா பெற்றோரிடம் கொடுங்க.

2. பிள்ளையை உதாரணம் ஆக்காதீங்க. "நீ சொல்லுப்பா, உங்க ஊரில் எப்படி?" என்று பட்டியல் சமூகத்துப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறது பாடம் இல்லை, தண்டனை. அந்தப் பிள்ளையா வந்து பேசினா கேளுங்க. நாமளா இழுக்க வேண்டாம்.

3. வரலாற்றில் இருந்து ஆரம்பிங்க. அண்ணல் அம்பேத்கர் சதாராவில் பள்ளிக்குப் போனப்ப, உட்காரச் சாக்குத்துணியை வீட்டில் இருந்து கொண்டுபோகணும். தாகம் எடுத்தா குழாயைத் தொடக்கூடாது, பியூன் திறந்து விடணும். பியூன் வரலைன்னா அன்னைக்குத் தண்ணி இல்லை. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிட்டு ஒரே கேள்வி கேளுங்க: "அந்த வகுப்பில் நீ இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?" பிறகு அஞ்சு நிமிஷம் நீங்க பேசாதீங்க, பிள்ளைகள் பேசட்டும்.
இன்னும் நிறைய இருக்கு. 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பாடம் நடத்தப் போன சாவித்திரிபாய் புலே மேல் சேறும் சாணியும் வீசினாங்க, அவர் மாத்துப் புடவையோடு பள்ளிக்குப் போனார். திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு புலையர் சமூகத்துச் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்கப் போனதும் பள்ளியையே கொளுத்தினாங்க. மேல் வகுப்புகளுக்கு பாமாவின் 'கருக்கு' இருக்கு, ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூத்தன்' இருக்கு. இரண்டிலுமே பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம் பதிவாகியிருக்கு. நூலகத்தில் வாங்கி வையுங்க.

4. சட்டத்தைச் சொல்லுங்க. அரசியலமைப்பின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சிருக்கு. அதை எந்த வடிவத்தில் கடைப்பிடிச்சாலும் குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பயமுறுத்த இதைச் சொல்லலை. "இது வெறும் கிண்டல் சார்" என்று சொல்கிற பையனுக்கு நாடு அதைக் கிண்டலாகப் பார்க்கலைன்னு தெரியணும்.

5. பெருமை பேசுற பையனைத் துரத்தாதீங்க. "நாங்க ஆண்ட பரம்பரை" என்று ஒருத்தன் சொன்னா வகுப்பே சிரிக்கும் இல்லைன்னா கைதட்டும். உடனே வெளியே போ என்றால் அவன் ஹீரோ ஆயிடுவான். பொறுமையா கேளுங்க: "உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்? அவருக்குச் சொந்தமா எவ்வளவு நிலம் இருந்துச்சு? உங்க வீட்டில் முதலில் பட்டம் வாங்கினது யாரு?" பெரும்பாலும் தாத்தா வயலில் உழைச்சவர், அக்காதான் முதல் பட்டதாரி. அவன் பெருமைப்பட வேண்டியது அந்த அக்காவை நினைச்சுத்தான் என்று எடுத்துச் சொல்லுங்க. இதையும் எல்லார் முன்னாடியும் வச்சுக் கேட்காம, தனியா உட்கார வச்சுக் கேளுங்க. அவனும் பிள்ளைதான். அவனையும் நாம இழக்கக்கூடாது.

6. உட்கார்ற இடத்தை மாத்துங்க. அகர வரிசையிலோ சீட்டுக் குலுக்கியோ மாசத்துக்கு ஒருமுறை இடம் மாத்துங்க. ஆய்வகம், விளையாட்டு, சுத்தம் செய்யும் வேலை எல்லாத்துக்கும் அதே முறை. துடைப்பம் எப்பவும் ஒரே பிள்ளைகள் கைக்குப் போகுதான்னு ஒரு வாரம் எழுதி வச்சுப் பாருங்க.

7. ஒருநாள் விழாவா முடிக்காதீங்க. ஏப்ரல் 14-ல் உறுதிமொழி எடுக்கிறோம், நல்லது. ஆனா மாசத்துக்கு ஒரு பாடவேளையாவது இதுக்கு வேணும்.

*ஒரு எச்சரிக்கை*

இணையத்தில் சில ஆசிரியர்கள் ஒரு அமெரிக்கச் சோதனையைப் பார்த்துட்டு "நாமும் செய்யலாமா?" என்று கேட்கிறாங்க. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பைக் கண் நிறத்தை வச்சு ரெண்டாப் பிரிச்சார். ஒரு நாள் நீலக்கண் பிள்ளைகள் உசத்தி, இன்னொரு நாள் பழுப்புக்கண் பிள்ளைகள் உசத்தி. மட்டம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே சோர்ந்து போனாங்க, படிப்பில் தடுமாறினாங்க. இனவெறி எப்படி வேலை செய்யுதுன்னு அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பிலேயே புரிஞ்சது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது, கடுமையான விமர்சனமும் வந்தது.

ஒன்றைக் கவனிங்க. அது வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே இருந்த வகுப்பு. அவங்க யாரும் அதுக்கு முன்னாடி அந்த வலியை அனுபவிச்சதில்லை. நம்ம வகுப்பு அப்படியா? தெருவில் நிஜமாகவே ஒதுக்கப்படுகிற பிள்ளை நம்ம வகுப்பில் உட்கார்ந்திருக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒதுக்குதலை நடிச்சுக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அதனால இதை ஒரு செய்தியாகச் சொல்லிப் பேசுங்க. வகுப்பில் செஞ்சு பார்க்காதீங்க.

*இடஒதுக்கீடு பற்றிக் கேட்டால்?*

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்: "அவனுக்கு மார்க் கம்மி, அவனுக்கு எப்படி சார் சீட்டு?" நிறைய ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் பேச்சை மாத்துறாங்க. மாத்தாதீங்க. கரும்பலகையில் தமிழ்நாட்டுக் கணக்கை எழுதுங்க: பிற்படுத்தப்பட்டோர் 30 சதவீதம், அதில் 3.5 இஸ்லாமியர்களுக்கு. மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் 20. பட்டியல் சாதியினர் 18, அதில் 3 அருந்ததியருக்கு. பழங்குடியினர் 1. மொத்தம் 69.

எழுதிட்டு, யார் எதில் வர்றீங்கன்னு கேட்காதீங்க. "வீட்டில் போய் நாம எந்த வரிசைன்னு அம்மா அப்பாவைக் கேட்டுக்கோங்க, எங்களிடம் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்க. மறுநாள் வகுப்பில் ஒரு அமைதி இருக்கும். "கோட்டாவில் வந்தவன்" என்று கிண்டல் செஞ்ச பல பேர் தானும் அந்த 69-க்குள்தான் இருக்கோம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்குவாங்க. சமூகநீதி அடுத்தவனுக்குப் போடுற பிச்சை இல்லை, நம்ம எல்லார் வீட்டுக் கதவையும் தட்டித் திறந்த உரிமைன்னு புரிய வைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

*ஏதாவது நடந்துட்டா?*

அன்னைக்கே செய்ய வேண்டியது நாலு. ஒன்று, அடிபட்ட பிள்ளையிடம் முதலில் பேசுங்க, ரெண்டு பேரையும் ஒன்றா நிற்க வச்சு "கை குடுத்துக்கோங்க" என்று முடிக்காதீங்க. ரெண்டு, நடந்ததை அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதித் தேதி போட்டுத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்க. மூன்று, புகார் சொன்ன பிள்ளை அன்று சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போகுது, ராத்திரி வீட்டில் யார் இருக்காங்கன்னு விசாரிங்க. நாங்குநேரி நமக்குக் கத்துக்கொடுத்த பாடம் இதுதான். பயம் இருக்குன்னு தோணினா காவல் நிலையத்துக்குச் சொல்லத் தயங்காதீங்க. நாலு, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இந்த ரெண்டு எண்ணும் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்கட்டும்.

புண்படுத்தியது ஒரு ஆசிரியராகவே இருந்தா? அதுக்கும் சட்டம் இருக்கு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கலை, மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்குது.

*இணையத்தில் இருக்கும் தோழர்களே, இனி உங்களுக்கு*

இதுவரை ஆசிரியர் என்ன செய்யணும்னு பேசினோம். ஆனா ஒரு ஆசிரியை நாளைக்கு இந்தப் பாடத்தை நடத்துறாங்கன்னு வச்சுக்கோங்க. மறுநாள் காலையில் நாலு பேர் பள்ளி வாசலில் வந்து நிப்பாங்க. "எங்க பிள்ளைகிட்ட ஏன் அரசியல் பேசுற?" என்பாங்க. யாராவது வீடியோ எடுத்துப் பாதியை வெட்டிப் போடுவாங்க. மாத்தல் வாங்கிக் கொடுக்கிறேன் என்று மிரட்டுவாங்க. அந்த நேரத்தில் அவங்க தனியா நிக்கணுமா?

அதனால உங்களிடம் நாலு வேலை கேட்கிறோம்.

முதல் வேலை: உங்க பிள்ளை படிக்கிற பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சேருங்க. சட்டப்படி அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போய், இதுக்கு ஒரு பாடவேளை வேணும்னு நீங்களே கேளுங்க. பெற்றோரே கேட்டாங்க என்ற தீர்மானம் கையில் இருந்தா ஆசிரியருக்கு அதுவே கவசம்.

இரண்டாவது வேலை: இந்தப் பாடம் நடத்துற ஆசிரியரை நேரில் பார்த்து நன்றி சொல்லுங்க. கட்சிக் கொடியோடு போகாதீங்க, பெற்றோராகப் போங்க. பள்ளி எந்தக் கட்சிக்கும் மேடை இல்லை, நமக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

மூன்றாவது வேலை: உங்க போனைச் சுத்தம் பண்ணுங்க. சாதிப் பெருமை ரீல்ஸ், அரிவாள் ஸ்டேட்டஸ், பரம்பரைப் பாட்டு எதையும் பகிராதீங்க. திருவிழா, காதுகுத்து பேனரில் பள்ளிப் பிள்ளைகள் படத்தைச் சாதிப் பட்டத்தோடு போடாதீங்க. மேடையில் சமத்துவம் பேசிட்டு பேனரில் பட்டம் போட்டா, பிள்ளை பேனரைத்தான் படிக்கும்.

நான்காவது வேலை: இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க பிள்ளையிடம், "மதியம் யாரோட சாப்பிட்ட?" என்று கேளுங்க. சொல்ற பதிலைப் பொறுமையா கேளுங்க. அந்த நண்பனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்க. அவன் எந்தத் தெருன்னு கேட்காதீங்க.

ஆசிரியர்களே, முன்பக்கத்தில் அச்சடிச்ச அந்த வாசகத்தை அரசு போட்டு வச்சிருக்கு. அதுக்கு உயிர் கொடுக்கிறது உங்க குரல்தான். அடுத்த வாரம் ஒரே ஒரு பாடவேளை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது ஏன் இங்கே இருக்கு தெரியுமா?" என்று கேட்டு ஆரம்பிங்க. வாசலில் யாராவது வந்து நின்றா, அவங்களுக்கு எதிரில் நாங்க வந்து நிப்போம்.



(உங்கள் பள்ளியில் இப்படிப் பாடம் நடத்தும் ஆசிரியர் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள் தோழர்களே. ஆசிரியரின் பெயரோ மாணவர்களின் பெயர், படமோ வேண்டாம். என்ன நடத்தினார், எப்படி நடத்தினார் என்று மட்டும் எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும்.)

#வகுப்பறையில்_சமத்துவம் #சமூகநீதி #ஆசிரியரோடு_நிற்போம்